11 கே.வி. லைனில் எர்த் போட்டு வேலை செய்வது: எல்.சி. வாங்குவதிலிருந்து திருப்பிக் கொடுப்பது வரை

110/11 கே.வி. துணை மின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு மேல்நிலை பீடர் (நிலையத்திலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் லைன்). அதில் இன்சுலேட்டர் மாற்ற வேண்டும், அல்லது ஜம்பர் (கம்பத்தில் இரண்டு பக்கக் கண்டக்டரையும் இணைக்கும் துண்டுக் கம்பி) கட்ட வேண்டும். எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய நிலையம் தரும் அனுமதி) வாங்கி, லைனை நிறுத்தி, எர்த் போட்டு, வேலையை முடித்து, மறுபடி சார்ஜ் செய்வது வரை என்ன வரிசையில் செய்ய வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதை இங்கே எழுதுகிறேன். அனுமதி பெற்ற மின் பணியாளர்களோடு களத்தில் நிற்கத் தொடங்கியிருக்கும் புதியவர்களுக்காக எழுதியது இது. அனுமதி இல்லாதவர் இதைப் படித்துவிட்டுக் கம்பம் ஏறக் கூடாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எர்த் என்றால் மின்சாரத்தைத் தரைக்குள் அனுப்பிவிடும் ஏற்பாடு, அதைப் போட்டாயிற்று, இனி பயமில்லை என்று நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. எர்த் போடுவதன் முதல் நோக்கம், லைனில் தவறுதலாக மின்சாரம் வந்தாலும் உங்கள் கைக்கும் காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்வது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகப் புரியும்.

1. முதலில் ஃபால்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஃபால்ட் என்றால் லைனில் ஷார்ட் ஆகி அளவுக்கு மீறிய கரண்ட் பாய்வது. கருவிகளைத் தொடுவதற்கு முன் இந்தக் கணக்கு வேண்டும். எந்த எர்த் செட் தாங்கும், எது தாங்காது என்பது இதிலிருந்துதான் தெரியும்.

நிலையத்தில் 16 எம்.வி.ஏ. பவர் டிரான்ஸ்பார்மர், இம்பீடன்ஸ் (ஏசி கரண்டுக்கு அது தரும் மொத்தத் தடை) 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 11 கே.வி. பக்கத்தில் முழு லோடு கரண்ட் சுமார் 840 ஆம்பியர். நிலையத்துக்கு அருகிலேயே மூன்று பேஸும் (லைனின் மூன்று கண்டக்டர்களும்) ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் அதன் பத்து மடங்கு, அதாவது சுமார் 8,400 ஆம்பியர் பாயும். அதே ஷார்ட் ராபிட் கண்டக்டரில் (எஃகு உள்ளிழை கொண்ட ஒரு வகை அலுமினியக் கம்பி) 5 கிலோமீட்டர் தள்ளி நடந்தால், லைனின் தடையே கரண்டைக் குறைத்து 1,700 ஆம்பியர் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே பீடர்தான். ஆனால் முதல் கம்பத்தில் போடும் எர்த்தும் கடைசிக் கம்பத்தில் போடும் எர்த்தும் தாங்க வேண்டிய சுமை ஒன்றல்ல.

இனி இன்னொரு கணக்கு. இதைப் போட்டுக் காட்டாமல் நான் எந்தப் புதியவரையும் கம்பத்துக்கு அனுப்புவதில்லை. ஒரு பேஸில் மட்டும் எர்த் மாட்டி, மறுமுனையைத் தரையில் அடித்த ஒரு கம்பியில் இணைத்திருக்கிறீர்கள். காய்ந்த மண்ணில் அந்தக் கம்பியின் தடை 25 ஓம் இருக்கிறது என்று கொள்வோம். தவறுதலாக லைன் சார்ஜ் ஆகிறது. பேஸுக்கும் தரைக்கும் 6,350 வோல்ட். 25 ஓமில் பாய்வது 254 ஆம்பியர்தான். ஓவர் கரண்ட் ரிலேக்கு (கரண்ட் எல்லை மீறினால், லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கச் செய்யும் கருவி) இது சாதாரண லோடு போலத் தெரியலாம். எர்த் ஃபால்ட் ரிலே கவனித்து பிரேக்கரைத் தட்டும்தான், ஆனால் அதுவரை உங்கள் கையில் இருக்கும் கண்டக்டரில் கிட்டத்தட்ட முழு 6,350 வோல்ட்டும் நிற்கும். எர்த் போட்டிருக்கிறது, அது தன் வேலையையும் செய்கிறது, ஆனாலும் உங்களைக் காப்பாற்றவில்லை.

மூன்று பேஸையும் ஒன்றாக ஷார்ட் செய்து, பிறகு எர்த்தில் இணைத்திருந்தால் கதை வேறு. மூன்று பேஸ் மின்சாரம் வந்தால் கரண்ட் பேஸ்களுக்குள்ளேயே ஓடிவிடும். இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தம் சுழியை ஒட்டி இருக்கும். கரண்ட் பல ஆயிரம் ஆம்பியர் என்பதால் ரிலேயும் வேகமாக வேலை செய்யும். ஆகவே ஷார்ட்டும் வேண்டும், எர்த்தும் வேண்டும்.

2. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

எர்த் செட்: மூன்று பேஸுக்கும் கிளாம்ப், ஒன்றோடொன்று இணைந்த லீடுகள், ஒரு எர்த் கிளாம்ப், இன்சுலேட்டட் கம்பு. லீடு பல இழைகள் கொண்ட செம்பாக இருக்க வேண்டும். எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் செம்பு 1 விநாடியில் உருகும் எல்லை, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 283 ஆம்பியர். 25 சதுர மி.மீ. லீடு 7,000 ஆம்பியரைச் சற்றுத் தாண்டினாலே உருகிவிடும். மேலே சொன்ன 8,400 ஆம்பியருக்கு அது போதாது. 35 சதுர மி.மீ. 9,900 வரை வரும், ஆனால் இடைவெளி குறைவு. நிலையத்துக்கு அருகில் வேலை என்றால் 50 அல்லது 70 எடுத்துக்கொள்வதே சரி. உருகும் எல்லையை ஒட்டி எர்த் செட் தேர்ந்தெடுப்பது தவறு, ஏனெனில் பிரேக்கர் தாமதமாகத் திறக்கும் நாளும் உண்டு.

ஒவ்வொரு லீடையும் கையால் தடவிப் பாருங்கள். லக் (லீடின் முனையில் இறுக்கிய இணைப்பு உலோகம்) அருகே இழைகள் அறுந்திருப்பதுதான் அதிகம் காணும் குறை. வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே பாதி இழை போயிருக்கும். கிளாம்ப் திருகு முழுவதும் இறுகுகிறதா என்றும் பாருங்கள்.

லீடு தேவையான அளவுக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. நீளம் கூடினால் லீடில் விழும் வோல்ட்டேஜும் கூடும், அதோடு ஃபால்ட் கரண்ட் பாயும்போது லீடு சாட்டை போல வீசி அடிக்கும். மிச்சத்தைச் சுருட்டித் தொங்கவிடுவது இன்னும் மோசம்.

மற்றவை வழக்கமானவை: ஹெல்மெட், இடுப்பு பெல்ட், 11 கே.வி.க்கு உரிய ரப்பர் கையுறை, வோல்ட்டேஜ் டிடெக்டர், பூட்டு, அறிவிப்புப் பலகை. கையுறையை மணிக்கட்டிலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குத் தள்ளுங்கள். எங்காவது காற்று கசிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

3. எல்.சி. வாங்குதல்

எல்.சி. புத்தகத்தில் எழுதுவதற்கு முன்பே லைனின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கம்பத்துக்கு மின்சாரம் எத்தனை வழியாக வர முடியும்? பெரும்பாலோர் ஒரு வழி சொல்வார்கள். குறைந்தது நான்கைத் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பீடரின் பிரேக்கர். இரண்டாவது, அடுத்த பீடரோடு இணைக்கும் ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தின் மேல் இருந்து, கீழே உள்ள கைப்பிடியால் இயக்கும் சுவிட்ச்). மூன்றாவது, லைனைக் குறுக்கே கடக்கும் வேறு லைன். அறுந்து விழுந்தால் நேராக உங்கள் கண்டக்டரில்தான் விழும். நான்காவது, நுகர்வோரின் ஜெனரேட்டர். விநியோக டிரான்ஸ்பார்மரின் விகிதம் 11,000-க்கு 433, ஏறத்தாழ 25 மடங்கு. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) சரியில்லாத ஒரு திருமண மண்டபமோ அரைவை மில்லோ ஜெனரேட்டரைப் போட்டால், 433 வோல்ட் அதே டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி 11 கே.வி.யாக லைனுக்கு வரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்து மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் ஊரில் எல்லா ஜெனரேட்டரும் ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

எல்.சி.யில் பீடர் பெயர், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை, எந்தெந்த சுவிட்ச் திறக்க வேண்டும், என்ன வேலை, யார் பொறுப்பு, எத்தனை மணி என எல்லாம் இருக்க வேண்டும். தொலைபேசியில் வாங்கினால் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சார், பிரேக்கர் ஆஃப், ஐசொலேட்டர் ஓபன், எர்த் போட்டாச்சு, சரிங்களா?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தில் இருப்பவர் "சரி, எல்.சி. நம்பர் எழுதிக்கங்க" என்று சொல்லும் வரை யாரும் கம்பத்தின் அருகே போகக் கூடாது. "ஆஃப் பண்ணிட்டாங்களாம்" என்று மூன்றாவது ஆள் வந்து சொல்வது எல்.சி. ஆகாது. "இத்தனை மணிக்கு நிறுத்திவிடுவார்கள், அப்போது ஏறிவிடு" என்று நேரத்தை நம்பி வேலை தொடங்குவதும் அப்படித்தான்.

4. லைனைத் தனிமைப்படுத்துதல்

வரிசை: முதலில் பிரேக்கர், அடுத்து ஐசொலேட்டர் (கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோடு லைனைப் பிரிக்கும் சுவிட்ச்). கரண்ட் பாய்ந்துகொண்டிருக்கும்போது அதை அறுத்து அணைக்கும் திறன் பிரேக்கருக்கு மட்டும்தான் உண்டு. லோடில் ஐசொலேட்டரைத் திறந்தால் பிளேடுகளுக்கிடையே ஆர்க் நீண்டு, இயக்குபவரையே எரிக்கும். ஏ.பி. சுவிட்சுக்கும் இது பொருந்தும்.

ஐசொலேட்டரைத் திறந்ததும் கைப்பிடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேலே நிமிர்ந்து மூன்று பிளேடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இணைப்புத் தண்டு தளர்ந்து இரண்டு பிளேடு திறந்து ஒன்று மட்டும் ஒட்டியே நிற்பது ஏ.பி. சுவிட்சில் சாதாரணமாக நடக்கும் குறை. உள்ளரங்கப் பேனல் என்றால் பிரேக்கர் டிரக்கை (பிரேக்கர் பொருத்திய சக்கர வண்டி) வெளியே இழுத்துவிட வேண்டும்.

அப்புறம் பூட்டு, பலகை. பூட்டின் சாவி வேலைப் பொறுப்பாளரிடம். பீடரில் தானாக மறுபடி மூடும் ஆட்டோ ரீக்ளோசர் இருந்தால் அதையும் முடக்க வேண்டும். கடக்கும் லைனின் ரீக்ளோசரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

5. மின்சாரம் இல்லை என்று சோதித்தல்

டிடெக்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் காட்டி அது ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் லைனில், மூன்று பேஸிலும். பிறகு மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில். மூன்றாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டிடெக்டரின் பேட்டரி நடுவில் தீர்ந்திருந்தால் அது லைனிலும் பேசாமல்தான் இருக்கும். அந்த மௌனத்தை நம்பி ஏறுவதா என்பதை இந்தக் கடைசிச் சோதனைதான் தீர்மானிக்கிறது.

அருகில் மின்சாரம் உள்ள லைன் இல்லாவிட்டால், டிடெக்டரோடு வரும் சோதனைக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

கண்டக்டர் மீது கம்பியைச் சுழற்றி வீசி "பொறி வருதா பார்" என்று சோதிக்கும் வழக்கத்தை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். மின்சாரம் இருந்தால், வீசுபவர் கையில் இருப்பது ஃபால்ட்டின் ஒரு முனை.

6. எர்த் மாட்டுதல்

வரிசையில் மாற்றமே கிடையாது: எர்த் முனை முதலில், லைன் முனை அடுத்து. லைன் முனையை முதலில் மாட்டினால், லைனில் மிச்சமிருக்கும் சார்ஜோ தவறுதலாக வந்த மின்சாரமோ லீடு வழியாக இறங்கி, எர்த் கிளாம்பைப் பிடித்திருக்கும் கைக்கு வந்துவிடும். எர்த் முனை ஏற்கெனவே இணைந்திருந்தால் அந்தக் கைக்கு அங்கே வேலையே இல்லை.

அ) எர்த் கிளாம்பை நிலையான எர்த்தில் மாட்டுங்கள். துருவையும் பெயின்டையும் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும் இடத்தில் இறுக்குங்கள். பெயின்டின் மேல் மாட்டிய கிளாம்ப் எர்த் ஆகாது.

ஆ) இன்சுலேட்டட் கம்பால் மிக அருகிலுள்ள பேஸை முதலில், அடுத்து மற்ற இரண்டையும் மாட்டுங்கள். அருகிலுள்ளதை முதலில் எர்த் செய்தால், தூரத்துப் பேஸுக்குக் கம்பை நீட்டும்போது உடம்புக்குப் பக்கத்தில் எர்த் செய்யாத கண்டக்டர் இருக்காது.

இ) தொடும்போது தயங்காமல் கிளாம்பை நேராக ஏற்றி உடனே இறுக்குங்கள். தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் ஆர்க் பிடித்துக்கொள்ளும்.

ஈ) கண்டக்டரில் கறுப்பு ஆக்சைடு படிந்திருந்தால் கம்பில் மாட்டும் பிரஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

லைனில் கேபிள் பகுதியோ கெபாசிட்டர் பேங்கோ இருந்தால் தனிக் கவனம் வேண்டும். கெபாசிட்டரை நிறுத்தியதும் எர்த் போடாதீர்கள். உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர்கள் வேலை செய்ய 10 நிமிடமாவது காத்திருங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு யூனிட்டையும் தனித்தனியாக ஷார்ட் செய்ய வேண்டும், ஏனெனில் ஒரு ரெசிஸ்டர் போயிருந்தால் அந்த யூனிட்டில் மட்டும் சார்ஜ் அப்படியே நிற்கும்.

7. எந்தக் கம்பத்தில் போடுவது?

இதில்தான் அனுபவசாலிகளும் வாதம் செய்வார்கள். "எஸ்.எஸ்.ஸில் (துணை மின் நிலையத்தில்) எர்த் சுவிட்ச் போட்டாச்சு, அது போதாதா அண்ணே?" என்று கேட்பார்கள். போதாது.

நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி வேலை செய்கிறீர்கள் என்று கொள்வோம். ராபிட் கண்டக்டரில் அந்தத் தூரத்துக்கு இம்பீடன்ஸ் சுமார் 2 ஓம். கடக்கும் லைன் அறுந்து விழுந்து லைனில் 500 ஆம்பியர் நுழைந்து, நிலையத்து எர்த்தை நோக்கி ஓடுகிறது. உங்கள் கையருகே கண்டக்டரில் நிற்பது 1,000 வோல்ட். நிலையத்தின் எர்த் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த எண் குறையாது, ஏனெனில் அது லைனிலேயே விழும் வோல்ட்டேஜ்.

அதனால் வேலை செய்யும் கம்பத்திலேயே ஒரு செட், அதற்கு இருபுறமும் மின்சாரம் வரக்கூடிய பக்கங்களில் ஒவ்வொரு செட். நடுவில் கிளைப் பிரிவு இருந்தால் அதற்கும் ஒன்று.

வேலைக் கம்பத்தில் போடும் செட்தான் உயிர்நாடி. அங்கே செய்ய வேண்டியது: மூன்று பேஸ், கிராஸ் ஆர்ம் (கம்பத்தின் மேல் இன்சுலேட்டர்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கம்பத்தின் உலோகம் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் இணைப்பது. இரும்புக் கம்பம் என்றால், காலுக்குக் கீழே கம்பத்தைச் சுற்றி ஒரு கிளாம்ப் போட்டு அதில் இணைத்துவிடலாம். அப்போது நீங்கள் நிற்கும் இடமும் தொடும் கண்டக்டரும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். 8,400 ஆம்பியர் பாய்ந்தாலும், 6 மீட்டர் நீள 35 சதுர மி.மீ. செம்பு லீடின் தடை சுமார் 3 மில்லி ஓம்தான், விழுவது 25 வோல்ட். உடம்பை 1,000 ஓம் என்று எடுத்தால் 25 மில்லி ஆம்பியர். அதிர்ச்சி தெரியும், ஆனால் ரிலே திறக்கும் வரை தாங்கக்கூடிய அளவு. 6,350 வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிமென்ட் கம்பத்தில் இந்த உறுதி கிடைக்காது. கான்கிரீட் முழுக் கடத்தியும் அல்ல, முழு இன்சுலேட்டரும் அல்ல. மழை பெய்தால் குணம் மாறும். அங்கே கிராஸ் ஆர்மையும் மேல் உலோகப் பகுதிகளையும் கட்டாயம் இணைத்து, கால் வைக்கும் இடத்தில் உலோகப் படி இருந்தால் அதையும் இணையுங்கள்.

தரையில் நிற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபால்ட் வந்தால் எர்த் கம்பியைச் சுற்றியுள்ள மண்ணே மின்னழுத்தம் ஏறும். கம்பிக்கு அருகே அது மிகுதி, தள்ளிப் போகப் போகக் குறைவு. ஒரு கால் அருகிலும் மறுகால் ஒரு மீட்டர் தள்ளியும் இருந்தால் இரண்டு காலுக்கும் இடையே வேறுபாடு வரும். மேலே கயிறு கொடுப்பவர், கருவி எடுத்துத் தருபவர், கிரேனில் கை வைத்து நிற்பவர் எல்லோரும் கம்பத்தையும் எர்த் கம்பியையும் விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். துணை மின் நிலையத்தில் 10 முதல் 15 செ.மீ. கனத்துக்கு ஜல்லி பரப்பியிருப்பது இதற்காகத்தான். காலுக்கும் மண்ணுக்கும் இடையே அது கூடுதல் தடை. புல் முளைத்து மண் மூடிய ஜல்லி அந்த வேலையைச் செய்யாது.

8. பக்கத்தில் 110 அல்லது 230 கே.வி. லைன் ஓடினால்

ஒரே கோபுரத்தில் இரண்டு சர்க்யூட், அல்லது நீண்ட தூரம் இணையாக ஓடும் லைன். ஒன்றை நிறுத்தினாலும் மற்றதிலிருந்து இண்டக்‌ஷன் வரும். எர்த் செய்யாத கண்டக்டரில் பல ஆயிரம் வோல்ட் ஏறலாம். அதை ஒருமுறை டிஸ்சார்ஜ் ராடால் தரைக்கு இறக்கிவிட்டு ராடை எடுத்துவிட்டால், எடுத்த கணமே மறுபடி ஏறும். பழைய சார்ஜ் மிச்சமிருப்பதல்ல இது, அடுத்த லைன் ஓடும்வரை வந்துகொண்டே இருப்பது. ஆகவே எர்த் மாட்டியபடியே இருக்க வேண்டும்.

இரண்டு முனையிலும் எர்த் போட்டால் லைனும் தரையும் சேர்ந்து ஒரு வளையமாகிறது, அடுத்த லைனின் லோடு கரண்ட் இந்த வளையத்தில் கரண்டைத் தூண்டும். எர்த் எடுக்கும்போது பொறி பறப்பது இதனால்தான். கம்பு இல்லாமல் கையால் எடுக்க முயன்றால் விளைவு மோசமாக இருக்கும்.

ஜம்பரைக் கழற்றும் வேலையில் இன்னொரு ஆபத்து உண்டு: ஜம்பர் இருக்கும்வரை ஒரே எர்த் இரண்டு பக்கத்துக்கும் போதும். கழற்றிய கணத்தில் ஒரு பக்கம் எர்த் இல்லாமல் போகும். கழற்றுவதற்கு முன்பே இருபுறமும் எர்த் போட்டு, கழற்றும் இடத்தைப் பாலம் போல ஒரு லீடால் இணைத்துவிடுங்கள்.

9. வேலை நடக்கும்போது

எத்தனை எர்த் செட் எங்கெங்கே போட்டோம் என்பதை ஒரு தாளில் கம்ப எண்ணோடு எழுதி, பொறுப்பாளர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். மனக்கணக்கு மாலையில் ஏமாற்றும்.

கூடுதலாக வேறொரு கம்பத்தில் சின்ன வேலை வந்தால், அது எல்.சி. எல்லைக்குள் இருக்கிறதா, எர்த் எல்லைக்குள் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். "பக்கத்துக் கம்பம்தானே" என்ற சொல் எனக்கு எப்போதும் பயம் தருகிறது. மழைமேகம் கூடினால் இறங்கிவிடுங்கள். தொலைவில் எங்கோ லைனில் விழும் இடிக்கு இந்த ஏற்பாடு முழுப் பதில் அல்ல.

10. எர்த் எடுத்தலும் எல்.சி. திருப்புதலும்

போட்டதற்கு நேர்த் தலைகீழ் வரிசை: லைன் முனைகள் முதலில், தூரத்துப் பேஸிலிருந்து தொடங்கி. எர்த் கிளாம்ப் கடைசியில். கடைசி லைன் கிளாம்ப் கழன்ற நொடியிலிருந்து அந்த லைன் மின்சாரம் உள்ள லைன். "இன்னும் சார்ஜ் பண்ணலையே, இந்த ஒரு நட்டை இறுக்கிடறேன்" என்று யாரும் மேலே ஏறக் கூடாது. மறந்த வேலை இருந்தால் மறுபடி சோதித்து, மறுபடி எர்த் போட்டுத்தான் ஏற வேண்டும்.

ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து எண்ணுங்கள். எர்த் செட்களைத் தாளில் எழுதியதோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். கருவிகளும் கயிறும் கீழே வந்துவிட்டதா பாருங்கள். பிறகுதான் எல்.சி. திரும்ப வேண்டும். வாங்கியவரே திருப்ப வேண்டும், வேறொருவர் சார்பாக அல்ல. பல குழுக்கள் ஒரே பீடரில் தனித்தனி எல்.சி. வாங்கியிருந்தால், எல்லாமே திரும்பிய பிறகுதான் நிலையத்தில் பூட்டைத் திறக்க வேண்டும்.

மூடும் வரிசை: எர்த் சுவிட்ச் திறப்பு, ஐசொலேட்டர், கடைசியில் பிரேக்கர். எங்காவது எர்த் மறந்துபோயிருந்தால் ஃபால்ட் கரண்டை உடைக்கும் திறன் பிரேக்கரிடம்தான் இருக்கிறது, அதனால் அது கடைசி. சார்ஜ் ஆனதும் மூன்று பேஸின் அம்மீட்டரையும் பார்த்து நேரத்தோடு பதிவு செய்யுங்கள். ஒரு பேஸில் மட்டும் கரண்ட் இல்லையென்றால் ஜம்பர் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். பிரேக்கர் உடனே டிரிப் ஆனால் மறுபடி மூடிப் பார்க்காதீர்கள். ரிலேயில் எந்தக் கொடி (எதனால் டிரிப் ஆனது என்று காட்டும் குறி) விழுந்தது என்று எழுதிக்கொண்டு, முதலில் எர்த் செட்களின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள், பிறகு லைன் முழுவதையும் நடந்து பாருங்கள்.